விக்டோரியா கால வானிலை ஏடுகள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: இங்கிலாந்துக் கிராமம் ஒன்றின் 1879ஆம் ஆண்டு மழை ஏட்டைப் பார்க்கிறேன். அதே ஊர்க்காரர் ஒருவரின் நாட்குறிப்போடு தேதி ஒரு நாள் தள்ளிப்போகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். ஜி. ஜே. சைமன்ஸ் 1860இல் தொடங்கிய மழைப் பதிவு அமைப்பில், காலை 9 மணிக்கு மழைமானியைப் பார்த்து, அந்த அளவை முந்தின நாள் கணக்கில் எழுதுவது வழக்கம். அந்த 24 மணி நேரத்தில் 15 மணி நேரம் முந்தின நாளுக்கு உரியதுதானே. ஆனால் திங்கட்கிழமை விடியற்காலை பெய்த மழையும் ஞாயிற்றுக்கிழமை கணக்குக்குப் போய்விடும்! பார்த்த நாளிலேயே எழுதிவைத்தவர்களும் உண்டு. அதனால் பக்கத்து ஊர் ஏடுகளோடு ஒத்துப்பார்க்காமல் தேதியை நகர்த்தாதீர்கள். நகர்த்தினாலும் மூலத் தேதியை அழிக்க வேண்டாம். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். திருத்தியவர் நினைத்தது தப்பென்றால், மூலத் தேதி இல்லாமல் பின்னால் வருபவர் சரிசெய்யவே முடியாது.

கேள்வி: 1868 ஜூலை 22 அன்று கென்ட் பகுதியின் டன்பிரிட்ஜில் 100.5 டிகிரி பாரன்ஹீட் பதிவானதாமே, உண்மையா?

பதில்: வெப்பமானி அப்படித்தான் காட்டியது. ஆனால் அது இருந்தது கிளைஷர் தாங்கி எனப்படும் திறந்த சட்டத்தில். முதுகு வெயிலைப் பார்க்கும்படி அதை அவ்வப்போது திருப்பிவைக்க வேண்டும். தரையிலிருந்து எழும் வெக்கை நேராகத் தாக்குவதால் கோடையில் அளவு கூடுதலாகவே வரும். இன்று நாம் பயன்படுத்தும் பலகணிப் பெட்டியை (வெயில் நேரே படாமல், காற்று மட்டும் புகும்படி வெப்பமானியை வைக்கும் பெட்டி), கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 1860களில்தான் வடிவமைத்தார்; அது ஊர் ஊராகப் பரவ நாளாயிற்று. எனவே இந்த எண்ணை இன்றைய எண்களோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: பனி பெய்தால் எப்படி அளந்தார்கள்?

பதில்: உருக்கி, மழைநீர் போலவே அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு வரை அளந்தார்கள்.

கேள்வி: இந்தப் பழைய ஏடுகளால் இன்று பயன் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. 2020 ஊரடங்கின்போது, ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் அழைப்பை ஏற்று சுமார் 16,000 தன்னார்வலர்கள் 65,000 மழைத் தாள்களைக் கணினியில் ஏற்றினார்கள். அதனால் பிரிட்டனின் தேசிய மழைக்கணக்கு 1836 வரை பின்னோக்கி நீண்டது. அந்தக் கணக்கில் மிக வறண்ட ஆண்டு 1855.