திராட்சைப் பூவில் ஓடும் மஞ்சள் பூச்சி எது?

கேள்வி: திராட்சைப் பூங்கொத்தை வெள்ளைத் தாளில் தட்டினால், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள மஞ்சள் பூச்சிகள் விழுந்து ஓடுகின்றன. சில பழுப்பாகவும் இருக்கின்றன. செல்போனில் எடுத்த படம் அனுப்பியிருக்கிறேன். இவை மேற்கத்தியப் பூ இலைப்பேன்தானா?

பதில்: இலைப்பேன் என்பது சரி. ஆனால் படத்தை மட்டும் பார்த்து இனப்பெயர் எழுதித் தர எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் சொல்லும் மேற்கத்தியப் பூ இலைப்பேனில், அதாவது அறிவியல் பெயரில் ஃபிராங்க்ளினியெல்லா ஆக்ஸிடென்டாலிஸில், வெளிர் மஞ்சளும் உண்டு, கரும்பழுப்பும் உண்டு. உங்கள் தாளில் விழுந்தவை ஒரே இனமாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். நிறத்தை நம்பாதீர்கள்.

நான் பார்ப்பது மயிர்களைத்தான். பெண் பூச்சியைச் சிலைடில் ஏற்றி, நுண்ணோக்கியில் தலையைப் பாருங்கள். மூன்று தனிக்கண்கள் தெரியும். அவற்றை ஒட்டி மூன்று ஜோடி மயிர் இருந்தால் ஃபிராங்க்ளினியெல்லா பேரினம் என்று நினைக்கலாம். இரண்டு ஜோடிதான் என்றால், பூக்களில் அடிக்கடி கிடைக்கும் திரிப்ஸ் பேரினமாக இருக்கலாம். அப்புறம் முன்மார்பு, அதாவது தலையை அடுத்த மார்புப் பகுதி. அதன் முன்விளிம்பிலும் நீண்ட மயிர்கள் இருந்தால் ஃபிராங்க்ளினியெல்லாதான். திரிப்ஸில் பின்மூலைகளில் மட்டுமே அவை நீளம்.

இதுவரை கிடைத்தது பேரினம் மட்டுமே. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். ஆக்ஸிடென்டாலிஸ் என்றால் கூட்டுக்கண்ணுக்குப் பின்னால் ஒரு ஜோடி மயிர் நன்றாக நீண்டிருக்கும். எட்டாவது வயிற்றுக் கண்டத்தின் பின்விளிம்பில் சீப்புப் பல் போன்ற நுண்மயிர் வரிசை முழுமையாக இருக்கும். அதே பேரினத்து இன்டோன்சா இனமும் பூவில் வாழ்வதுதான், ஆனால் அதில் அந்தக் கண்பின் மயிர் குட்டை. அதே பேரினத்தின் இன்னொரு இனமான ஷுல்ட்சையில் அந்தச் சீப்பு வரிசை முழுமையாக இருக்காது.

இன்னொன்று: பூவில் கிடைத்ததாலேயே அது திராட்சையின் பூச்சி ஆகிவிடாது. மகரந்தம் தின்ன வந்துபோகும் இலைப்பேன்களும் உண்டு. பிஞ்சில் கரும்புள்ளியும் அதைச் சுற்றி வெண்வளையமும் தெரிகிறதா என்று கவனியுங்கள். ஆக்ஸிடென்டாலிஸ் முட்டையிட்ட இடத்தில் அப்படித் தழும்பு விழும்.

பூச்சிகளை அனுப்புவதானால் 60 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். அதைவிடக் கடுமையான ஆல்கஹாலில் உடல் விறைத்து, உணர்கொம்பு ஒடிந்துவிடும். அதே கொத்தில் கிடைக்கும் இறக்கையில்லாத குஞ்சுகளையும் சேர்த்து அனுப்புங்கள். அவற்றை வைத்து இனத்தைப் பிரிப்பது கடினம்தான், ஆனால் பூச்சி அங்கேயே பெருகுகிறது என்பதற்கு அவைதான் சாட்சி.