ஊகிக்கும் இடைமுகங்கள்: வாசகர் கேள்விகளும் விடைகளும்

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகக் கணினியில் வேர்ட் மென்பொருளைத் திறந்தால், கண்களை உருட்டும் காகிதக் கவ்வி ஒன்று ஓரத்தில் வந்து நின்று உதவி வேண்டுமா என்று கேட்கும். அதன் பின்னால் பெரிய ஆராய்ச்சி இருந்ததாகப் படித்தேன். பிறகு ஏன் அதை நீக்கினார்கள்?
(ஓய்வுபெற்ற அரசு ஊழியர், கும்பகோணம்)

பதில்: அந்தக் கவ்வி ஆஃபீஸ் 97 தொகுப்புடன் வந்தது. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் எரிக் ஹார்விட்ஸ் குழுவினர் 1993-இல் தொடங்கிய லூமியர் என்னும் திட்டத்திலிருந்து அது பிறந்தது என்பதும் உண்மையே. ஒருவர் எந்தக் கட்டளைப் பட்டியை (மெனுவை) திறக்கிறார், எங்கே தயங்குகிறார், எதைச் செய்துவிட்டு உடனே திரும்பப் பெறுகிறார் என்பவற்றைக் கவனித்து, அவருக்கு இப்போது என்ன உதவி தேவைப்படக்கூடும் என்பதை நிகழ்தகவு முறையில் கணிப்பதே அத்திட்டத்தின் நோக்கம். ஆனால் பயனரின் தேர்ச்சியை நாளடைவில் கற்று நினைவில் வைத்துக்கொள்ளும் பகுதி விற்பனைக்கு வந்த பதிப்பில் இடம்பெறவில்லை. அதனால், நூறு கடிதம் எழுதிப் பழகியவரிடமும் முதல் கடிதம் எழுதுபவரிடமும் கவ்வி ஒரே கேள்வியைத்தான் கேட்டது. 2001-இல் வந்த ஆஃபீஸ் எக்ஸ்பியில் அது தொடக்கத்திலேயே அணைத்து வைக்கப்பட்டது. ஆஃபீஸ் 2007-இல் முற்றிலும் நீக்கப்பட்டது.

இதைவிட முக்கியமானது, 1999-இல் ஹார்விட்ஸ் எழுதிய ஆய்வுக் கட்டுரை. ஒரு மென்பொருள் தானாக முன்வந்து ஒரு செயலைச் செய்யலாமா, முதலில் பயனரிடம் கேட்கலாமா, பேசாமல் இருந்துவிடலாமா என்பதை, தன் ஊகம் சரியாக இருக்கும் வாய்ப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஊகம் தவறினால் பயனருக்கு ஏற்படும் இழப்பையும், வேலையின் நடுவே குறுக்கிடுவதால் ஏற்படும் இழப்பையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்று அவர் வாதிட்டார். இந்தத் துறையில் ஒரே ஒரு கட்டுரையைத்தான் படிக்க முடியும் என்று யாராவது சொன்னால், நான் இதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: இறுதியாண்டுத் திட்டப்பணியாக, அடுத்த சொல்லை ஊகித்துக் காட்டும் தமிழ் விசைப்பலகைச் செயலி ஒன்றை உருவாக்கியிருக்கிறோம். நண்பர்களுக்கு ஒரு வினாப்படிவம் அனுப்பிப் பிடித்திருக்கிறதா என்று கேட்டோம். பெரும்பாலோர் பிடித்திருக்கிறது, வேகமாகத் தட்டச்சு செய்ய முடிகிறது என்கிறார்கள். மதிப்பீட்டுக்கு இது போதுமா?
(பொறியியல் மாணவி, திருநெல்வேலி)

பதில்: போதாது. உங்கள் நண்பர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. வேகமாக இருப்பதாகத் தோன்றுவதும் வேகமாக இருப்பதும் வேறு வேறு என்பதால் சொல்கிறேன். 2016-இல் கூகுள் நிறுவன ஆய்வாளர்களான ஃபிலிப் குவின், ஷூமின் ஜாய் ஆகிய இருவரும் கைப்பேசி விசைப்பலகைப் பரிந்துரைகளைச் சோதித்தபோது, பரிந்துரைகள் தாராளமாகக் காட்டப்பட்டால் விசையழுத்தங்கள் குறைந்தன, பயனர்கள் அதை விரும்பவும் செய்தார்கள். ஆனால் எழுதி முடிக்க ஆன நேரம் கூடியது. பரிந்துரையைப் பார்க்க, படிக்க, அது நமக்கு வேண்டிய சொல்தானா என்று தீர்மானிக்க நேரம் பிடிக்கிறது அல்லவா? 1990-களிலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹைடி கோஸ்டர், சைமன் லெவின் ஆகியோர், தண்டுவடக் காயமுற்றவர்களிடம் நடத்திய சோதனையில் இதையே கண்டார்கள்: சொல் ஊகிப்பு விசையழுத்தங்களை மிச்சப்படுத்தியும் எழுதும் வேகம் குறைந்தது. யாருக்கு மிகவும் உதவும் என்று நம்பப்பட்டதோ அவர்களுக்கே அது தடையானது என்பதை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். ஒருவர் 'பள்ளிக்கூடத்திலிருந்து' என்று எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'பள்ளி' வரை தட்டியதும் செயலி 'பள்ளிக்கூடம்' என்று காட்டுகிறது. அவர் அதைத் தொடுகிறார். சொல்லோடு ஓர் இடைவெளியும் வந்து விழுகிறது. இனி அவர் இடைவெளியை அழிக்க வேண்டும், பிறகு மெய்யின் புள்ளியை அழிக்க வேண்டும், பிறகு மகரத்தை அழிக்க வேண்டும். அதன் பின்தான் 'த்திலிருந்து' என்று தொடர முடியும். ஊகம் சரி என்றே உங்கள் நிரல் கணக்கு வைக்கும், ஏனெனில் பரிந்துரை ஏற்கப்பட்டுவிட்டது. எழுதுபவருக்கோ அது இடையூறு. ஆகவே ஏற்கப்பட்ட பரிந்துரைகளை மட்டும் எண்ணாமல், ஏற்றபின் அழிக்கப்பட்ட எழுத்துகளையும் தனியே பதிவு செய்யுங்கள். முழுச் சொல்லுக்குப் பதிலாக 'பள்ளிக்கூட' என்ற அடியையும், அதைத் தொட்டபின் வேற்றுமை உருபுகளையும் காட்டும் வடிவமைப்பை ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் திட்டப்பணிக்கே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வியாக அமையும்.

சோதனையை நடத்தும் முறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே நபர் பரிந்துரையோடும் பரிந்துரையின்றியும் எழுதட்டும். பாதிப்பேர் முதலில் பரிந்துரையோடும், மறுபாதியினர் முதலில் பரிந்துரையின்றியும் தொடங்கட்டும், இல்லாவிட்டால் பழக்கத்தால் வந்த வேகத்தைச் செயலியின் சாதனை என்று எண்ணிவிடுவீர்கள். வேகத்தை யூனிகோடு குறியீடுகளால் அளக்காமல் தமிழ் எழுத்துகளால் அளங்கள்: 'கோ' கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறியீடுகள். பார்த்து எழுதுவதோடு நிறுத்தாமல், தாமாக ஒரு செய்தியை எழுதச் சொல்லியும் சோதியுங்கள். யோசித்து எழுதும்போது குறுக்கிடும் பரிந்துரை, பார்த்து எழுதும்போது குறுக்கிடுவதைவிட வேறு விதமாகப் பாதிக்கும். ஆங்கில எழுத்துகளால் தமிழைத் தட்டுபவர்களையும் தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை முறையில் தட்டுபவர்களையும் ஒரே சராசரியில் சேர்க்காதீர்கள். வினாப்படிவத்தைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பத்துக் கேள்வி அளவுகோலும், மனச்சுமையை ஆறு கோணங்களில் கேட்கும் நாசாவின் அளவுகோலும் பரவலாகப் பயன்படுபவை. கடிகாரமும் பிழைக்கணக்கும் சொல்வதோடு அவற்றின் முடிவுகளை ஒப்பிடுங்கள். இரண்டும் முரண்பட்டால் அந்த முரண்பாட்டை மறைக்காமல் அறிக்கையில் எழுதுங்கள். அறிக்கையின் மிகப் பயனுள்ள பக்கம் அதுவாகவே இருக்கும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் கணக்கு மென்பொருள், அதிகம் பயன்படுத்தும் கட்டளைகளைத் தானாகவே பட்டியின் மேலே கொண்டுவந்துவிடுகிறது. மூத்த ஊழியர்கள் குழம்புகிறார்கள். புதியதைக் கற்கத் தயங்குகிறார்கள் என்று மேலாளர் சொல்வது சரியா?
(கணக்கர், மதுரை)

பதில்: சரியன்று என்பதே என் உறுதியான கருத்து. பழகிய கட்டளையை நாம் படித்துத் தேடுவதில்லை. அது இருக்கும் இடத்துக்குக் கை தானாகப் போகிறது. இடம் மாறினால் அந்தப் பழக்கம் முழுவதும் வீணாகிறது. ஆஃபீஸ் 2000-இல் இதே போன்ற தானியங்கு பட்டிகள் இருந்தன, பின்னர் கைவிடப்பட்டன. 2004-இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லியா ஃபின்ட்லேட்டரும் ஜோவானா மெக்ரெனிரும் மாறாத பட்டி, தானாக மாறும் பட்டி, பயனரே மாற்றிக்கொள்ளும் பட்டி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். தானாக மாறுவதைவிட மாறாத பட்டியில் வேலை வேகமாக நடந்தது. பெரும்பாலோர் விரும்பியது தாமே மாற்றிக்கொள்ளும் பட்டியை. கட்டளைகளை இடம் பெயர்க்காமல், அவற்றின் நகலை மட்டும் தனியோர் இடத்தில் காட்டும் வழியை கிரிஷ்டாஃப் கயோஸ் குழுவினர் 2006-இல் சோதித்தபோது பயனர்கள் அதை வரவேற்றார்கள். உங்கள் மென்பொருள் நிறுவனத்திடம் இந்த மாற்றத்தைக் கேளுங்கள்; நியாயமான கோரிக்கை.

கேள்வி: விவசாயிகளின் கேள்விகளுக்குக் குரலில் விடை சொல்லும் செயலி செய்ய எண்ணுகிறோம். நிரல் எழுதப் பணம் இல்லை. யோசனையை முன்கூட்டியே சோதிக்க முடியுமா?
(தன்னார்வக் குழுவினர், தருமபுரி)

பதில்: முடியும். ஒரு வேளாண் அலுவலர் அடுத்த அறையில் அமர்ந்து, செயலி சொல்வதைப் போல விடை சொல்லட்டும். மறைவிலிருந்து மனிதரே இயக்கும் இந்த முறைக்கு 'விசார்ட் ஆஃப் ஆஸ்' என்று ஜான் கெல்லி 1980-களில் பெயர் சூட்டிப் பரவச் செய்தார். சோதனை முடிந்ததும் உண்மையைப் பங்கேற்றவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அலுவலர் இயந்திரத்தைவிட நன்றாகப் புரிந்துகொள்வார். ஆகவே சில இடங்களில் அவர் வேண்டுமென்றே கேள்வியைத் தவறாகக் கேட்டுக்கொண்டது போலப் பதில் சொல்லட்டும். அப்போது விவசாயி மீண்டும் கேட்கிறாரா, சொற்களை மாற்றுகிறாரா, கைப்பேசியைக் கீழே வைத்துவிடுகிறாரா என்று பாருங்கள். தவறான மருந்தளவு போன்ற, யாராவது நம்பிச் செயல்பட்டுவிடக்கூடிய பதில்களை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு தன் முடிவுக்குக் காரணமும் சொன்னால் நம்பிக்கை கூடும் என்கிறார்கள். நம்பிக்கையை அளந்தால் போதும் அல்லவா?
(மருத்துவமனைத் தகவல்தொழில்நுட்ப அலுவலர், கோயம்புத்தூர்)

பதில்: நம்பிக்கை கூடுவது நல்லதா என்பது, நம்பப்படும் முடிவு சரியா என்பதைப் பொறுத்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஜானா புசின்ஜா குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் அதிகம் நம்பி விரும்பிய விளக்க வகையும், அவர்களைச் சரியான முடிவுக்குக் கொண்டுசென்ற விளக்க வகையும் ஒன்றாக இல்லை. எனவே உங்கள் சோதனையில், இயந்திரம் தவறிய பழைய நேர்வுகளைத் தேர்ந்தெடுத்துச் சரியான நேர்வுகளோடு கலந்து கொடுங்கள். மருத்துவர் எத்தனை தவறுகளைக் கண்டுபிடித்து மறுத்தார், எத்தனை சரியான முடிவுகளை வீணாக மறுத்தார் என்ற இரண்டையும், விளக்கம் காட்டியபோதும் காட்டாதபோதும் தனித்தனியே எண்ணுங்கள்.