பாஸ்கலா, பிசாசா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மொனாக்கோ பற்றிய உங்கள் கட்டுரையில் சூதாட்ட விடுதியை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணின் குழியில் விழும் என்று பணம் கட்டுவார்களே, அந்த ரூலெட் சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் கணித மேதை பாஸ்கல் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். தானாகவே ஓயாமல் சுழலும் இயந்திரம் ஒன்றைச் செய்யப்போய், அது சூதாட்டச் சக்கரமாக முடிந்ததாம். இன்னொரு காணொளியில், மொனாக்கோவின் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியை நடத்தியவர் பிசாசிடம் ஆன்மாவை விற்று இந்த ஆட்டத்தின் ரகசியத்தை வாங்கினார், அதனால்தான் சக்கரத்து எண்களைக் கூட்டினால் 666 வருகிறது என்கிறார்கள். நானே கூட்டிப் பார்த்தேன், வருகிறது. இதில் எதை நம்புவது?

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

இரண்டையும் நம்ப வேண்டாம். ஆனால் கூட்டிப் பார்த்தீர்களே, அது பிடித்திருக்கிறது. 36ஐ 37ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 666. ஒன்றிலிருந்து 36 வரை எதற்காக எண்ணினாலும், அது பேருந்து இருக்கையாக இருந்தாலும், கூட்டுத்தொகை அதுதான். தவிர, ஆன்மாவை விற்றதாகச் சொல்லப்படும் பிரான்சுவா பிளாங்க் பிறந்ததே 1806இல். அதற்கு முன்பே பாரிஸின் பலே ரொயால் வளாகத்தில் இந்தச் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. 1801இல் வந்த ஒரு பிரெஞ்சு நாவலில் ஆட்டம் விவரமாகவே வருகிறது: பூஜ்யம், இரட்டைப் பூஜ்யம் என்று இரண்டு குழிகள் விடுதிக்கு, அதன் லாபம் முழுக்க அவற்றிலிருந்துதான் என்பது உட்பட.

பாஸ்கல் விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. 1654இல் அவரும் ஃபெர்மா என்ற இன்னொரு கணித அறிஞரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பாதியில் நின்றுபோன சூதாட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பது கேள்வி. நிகழ்தகவுக் கணிதம் அங்கே பிறந்தது என்பார்கள். அப்புறம் 1658இல், உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி வரையும் வளைகோட்டைப் பற்றி எழுதினார். அந்த வளைகோட்டுக்கு அன்றைய பிரெஞ்சில் ரூலெட் என்று பெயர். அவர் எழுதிய பிரசுரத்தின் தலைப்பே ‘ரூலெட்டின் வரலாறு’. சூதாட்டக் கணக்கும் அவருடையது, ரூலெட் என்ற தலைப்பும் அவருடையது என்றால் கதை கட்டுவதற்கு வேறென்ன வேண்டும்? அவர் சூதாட்டச் சக்கரம் எதையும் செய்ததற்கு ஆதாரம் கிடையாது.

உண்மையில் இந்த ஆட்டத்தைத் தனியாக ஒருவர் கண்டுபிடிக்கவில்லை. எண்கள் எழுதிய விரிப்பில் பணம் வைப்பது இத்தாலியில் ‘பிரிபி’ போன்ற ஆட்டங்களில் இருந்தது. அங்கே சக்கரம் இல்லை, பையிலிருந்து சீட்டு எடுப்பார்கள். இங்கிலாந்தில் ‘ரோலி-போலி’ என்று சக்கரமும் பந்தும் இருந்தது, அதில் எண்கள் இல்லை. 1745இல் ஆங்கிலேயச் சட்டம் அதைப் பெயர் சொல்லித் தடைசெய்தது. எண்கள் இல்லாமல் இரண்டே எழுத்துகளை வைத்து ஓடிய ‘ஈ.ஓ.’ என்ற சக்கரமும் அங்கே வெகுகாலம் புழங்கியது. சக்கரமும் எண் விரிப்பும் ஒன்றுசேர்ந்து இன்றைய வடிவத்துக்கு வந்தது பாரிஸில், 1790களில்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். இந்த வரலாற்றில் பாஸ்கலைவிட, பிசாசைவிட, கவனிக்க வேண்டிய ஆள் பிளாங்க்தான்.

அவரும் அவருடைய இரட்டைச் சகோதரர் லூயியும் போர்தோ நகரில் பங்குச்சந்தை வியாபாரம் பார்த்தார்கள். பாரிஸ் விலை நிலவரம் தபால் வண்டியில் அங்கே வந்துசேர நாள்கணக்காகும். கோபுரங்களின் மேல் மரக் கைகளை அசைத்துச் செய்தி அனுப்பும் தந்தி அரசாங்கத்துக்கு மட்டும் இருந்தது. சகோதரர்கள் தந்தி ஊழியருக்கு லஞ்சம் கொடுத்து, அரசுச் செய்திக்கு நடுவே ஒரு தவறான குறியையும், உடனே ‘முந்தையது பிழை’ என்ற குறியையும் சேர்க்க வைத்தார்கள். சேருமிடத்தில் செய்தி சுத்தமாக இருக்கும். வழியில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு விலை ஏறியதா இறங்கியதா என்று தெரிந்துவிடும். 1836இல் பிடிபட்டார்கள். இதைக் குற்றமென்று சொல்லச் சட்டமே இல்லாததால் பெரிய தண்டனை இல்லாமல் தப்பினார்கள். அதன் பிறகுதான் 1837இல் சட்டம் வந்தது.

அந்த ஆண்டு முடிவோடு பாரிஸின் சூதாட்ட விடுதிகளும் மூடப்பட்டன. பிளாங்க் சகோதரர்கள் ஜெர்மனிக்குப் போய், கடனில் தத்தளித்த ஹொம்புர்க் என்ற குட்டி சமஸ்தானத்தில் 1841இல் கடை போட்டார்கள். ஜெர்மனியிலேயே பாடன்-பாடன் போன்ற பிரபலமான சூதாட்ட ஊர்கள் போட்டிக்கு இருந்தன. ஆட்களை இழுக்க அவர்கள் செய்த காரியம், சக்கரத்திலிருந்து ஒரு பூஜ்யத்தைத் தூக்கியது.

கணக்கு போட்டுப் பாருங்கள். இரட்டைப் பூஜ்யச் சக்கரத்தில் 38 குழிகள். எல்லாவற்றிலும் நூறு ரூபாய் வைத்தால் 3800. எந்த எண் விழுந்தாலும் கைக்கு வருவது, அதில் வைத்த நூறு ரூபாய்க்கு 36 மடங்கு, அதாவது 3600. நூற்றுக்கு 5.26 விடுதிக்குப் போகிறது. ஒரு பூஜ்யத்தை எடுத்தால் 3700க்கு 3600; நூற்றுக்கு 2.70தான். தன் பங்கைப் பாதியாக வெட்டிக்கொண்ட முதலாளி! ஆனால் மெதுவாகத் தோற்பவன் அதிக நேரம் உட்காருவான், மறுநாளும் வருவான், கூடவே நண்பனையும் அழைத்து வருவான். பிசாசிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ரகசியம் இல்லை இது, நல்ல மளிகைக்கடைக்காரருக்கே தெரிந்ததுதான்.

மொனாக்கோ அப்புறம். 1861இல் மென்டன், ரொக்ப்ரூன் என்ற இரண்டு ஊர்களையும் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்த இளவரசர் மூன்றாம் சார்லஸிடம் மிஞ்சியது ஒரு பாறையும் நஷ்டத்தில் ஓடும் ஒரு சூதாட்ட விடுதியும். 1863இல் பிளாங்க் அதை 17 லட்சம் பிராங்குக்கு எடுத்தார். 1868இல் ரயில் வந்தது. 1869இல் குடிமக்களுக்கு நேரடி வரியை இளவரசர் ரத்து செய்தார். அதே குடிமக்களுக்கு அந்த விடுதியில் ஆட அனுமதி இல்லை. 1872 முடிவில் ஜெர்மன் விடுதிகள் மூடப்பட்டதும் ஐரோப்பாவின் சூதாட்டப் பணம் மான்டி கார்லோவை நோக்கித் திரும்பியது.

அமெரிக்கா மட்டும் பிளாங்கின் பாடத்தைக் கற்கவில்லை. அங்கே இரட்டைப் பூஜ்யம் இன்றும் இருக்கிறது. பழைய சில சக்கரங்களில் விடுதிக்கென்று ஒரு கழுகுப் படமும் சேர்த்து மூன்று குழிகள். இப்போது லாஸ் வேகஸில் மூன்று பூஜ்யம் வைத்த சக்கரங்களும் வந்துவிட்டன. 3900 வைத்தால் 3600. அதற்கும் கூட்டம் வருகிறது என்பது பிளாங்குக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.