பேய்ப் பத்திரிகை ஆசிரியர் பார்த்த வேலைகள்

கேள்வி: ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்’ என்ற அமெரிக்கத் திகில் சினிமா இதழின் ஆசிரியர் ஃபாரஸ்ட் ஆக்கர்மன் இலக்கிய ஏஜென்டா, நடிகரா? (வாசகர், ஈரோடு)

பதில்: இரண்டும்தான். லாஸ் ஏஞ்சல்ஸ்காரர், பிறந்தது 1916. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ முகாம் ஒன்றின் செய்தித்தாளைக் கவனித்தார். பிறகு ஏஜென்ட் ஆனார். வான் வோக்ட் போன்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர்களின் கதைகளைப் பத்திரிகைகளில் விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் வேலை. 1969-இல் வாம்பிரெல்லா என்ற காமிக்ஸ் நாயகி உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. பெர்ரி ரோடன் என்ற ஜெர்மன் அறிவியல் புனைகதைத் தொடரை அவர் மனைவி வென்டேன் மொழிபெயர்க்க, இவர் ஆங்கிலப் பதிப்பைக் கவனித்தார். நடிப்பைப் பெரிதாக எண்ண வேண்டாம். பெரும்பாலும் தலைகாட்டிவிட்டுப் போகும் வேடங்கள். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ வீடியோவில் தியேட்டர் காட்சியைப் பாருங்கள், ஜாக்சனுக்குப் பின்வரிசையில் இருப்பார்.

கேள்வி: ஒரே ஒரு இதழாகத் திட்டமிட்ட ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ்’ 25 ஆண்டுகள் ஓடியது எப்படி? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: நேரம் வாய்த்தது. 1957-இல் யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய திகில் படங்கள் உள்ளிட்ட 52 படங்கள் தொகுப்பாக அமெரிக்க டிவி நிலையங்களுக்குப் போயின. தாங்கள் பிறப்பதற்கு முன் வந்த படங்களைப் பிள்ளைகள் வீட்டிலேயே பார்த்தார்கள். 1958 தொடக்கத்தில் பதிப்பாளர் ஜேம்ஸ் வாரன் முதல் இதழை 35 சென்ட்டுக்கு வெளியிட்டார். விற்றுத் தீர்ந்தது; 1983-இல் 191-ஆம் எண் இதழோடுதான் நின்றது.

ஆனால் இதழுக்கு உண்மையான முதலீடு ஆக்கர்மன் வீட்டு அலமாரிதான். ஸ்டூடியோக்கள் விளம்பரத்துக்குக் கொடுத்த 8 × 10 அங்குல ஸ்டில்களைச் சிறுவயது முதலே சேர்த்து வைத்திருந்தார். கட்டுரைகள் சிலேடையும் கடியும் கலந்தவை, எல்லாருக்கும் பிடிக்காது. படங்களுக்காகவே வாங்கியவர்கள் ஏராளம்.

கேள்வி: பழைய சினிமா இதழ்களிலிருந்து படம் எடுத்து அச்சிட்டால் கறுத்துப்போய், கோடுகோடாக வருகிறதே? (வாசகர், கோவை)

பதில்: அச்சுப் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. அதன்மேல் உங்கள் அச்சகத்தின் புள்ளிகளும் விழுந்தால் இரண்டும் மோதிக் கோடுகள் எழும். நியூஸ்பிரின்ட் (செய்தித்தாள் காகிதம்) மையை உறிஞ்சிப் புள்ளியைப் பெரிதாக்கும், நிழல் பகுதி ஒட்டிப்போகும். திகில் படங்களில் நிழல்தானே அதிகம்! கூடுமானவரை அசல் ஸ்டில்லைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, ஸ்கேனர் மென்பொருளில் அச்சுப் புள்ளிகளை மறைக்கும் ‘டீஸ்கிரீன்’ வசதியைப் போட்டு, அதன் பிறகே அளவைக் குறையுங்கள். நிழலைக் கொஞ்சம் வெளுப்பாக்கி அச்சுக்கு அனுப்புங்கள். பட உரிமை யாரிடம் என்றும் விசாரித்துவிடுங்கள்.