பாட்டி மிதக்கட்டும், வீட்டார் வேலையைப் பார்க்கட்டும்

மாய யதார்த்தக் கதை, அதாவது அன்றாட வாழ்க்கைக்குள் ஓர் அதிசயம் சாதாரணமாக நடந்துபோகிற கதை எழுதுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்மாதப் பதில்கள்.

கேள்வி: என் கதையில் 12ஆம் மாடி வீட்டில் ஒரு பாட்டி காலையில் தரையை விட்டு எழும்பி மிதக்கிறார். படித்த தோழிகள் எல்லாரும் ‘நம்பவே முடியவில்லை’ என்கிறார்கள். கோளாறு எங்கே? (வாசகி, ஈசூன்)

பதில்: பாட்டி மிதப்பதில் கோளாறு இல்லை, சுற்றியிருப்பவர்கள் அலறுவதில்தான். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் மகன் மயங்கி விழுகிறார், மருமகள் கத்துகிறார், அண்டை வீட்டுக்காரர் ஓடி வருகிறார். இத்தனை பேர் ‘இது நடக்காத காரியம்’ என்று சாட்சி சொன்னால் வாசகரும் அந்தப் பக்கம்தான் சேருவார். அந்த மூன்று பத்திகளையும் எடுத்துவிட்டு ஆட்களுக்கு வேலை கொடுங்கள். இப்படி:

“பாட்டி ஒரு சாண் உயர்ந்த பிறகு வீடு கூட்டுவது சுலபமாயிற்று. மார்க்கெட்டுக்குப் போகும்போது மட்டும் பணிப்பெண் அவருடைய முந்தானையை மேசைக் காலில் கட்டிவிட்டுப் போனாள். ஜன்னல் கம்பி பழையது.”

முதல் வாக்கியத்தில் ஒரு வசதி, அடுத்ததில் ஒரு தொல்லை, மூன்றாவதில் ஆபத்து. திகைப்பு வாசகருக்கு மிச்சம் இருக்கிறது.

2,000 சொல் கதைக்கு ஓர் அதிசயம் போதும். அதை முதல் 200 சொற்களுக்குள் நடத்திவிடுங்கள். பாதிக் கதைக்குப் பிறகு வந்தால் அது திருப்பமாகிவிடும், வாசகர் விடை தேடத் தொடங்குவார். வந்த பிறகு குறைந்தது மூன்று விளைவுகளாவது வேண்டும், ஒன்றைவிட ஒன்று கனமாக. பலதுறை மருந்தகத்தில் தராசு பூஜ்ஜியம் காட்டினால் தாதி எடைக் கட்டத்தில் என்ன எழுதுவார்? இரவில் பாட்டி எதைப் பிடித்துக்கொண்டு தூங்குவார்? இவற்றை நீங்கள் யோசிக்கவே இல்லை. அதற்குப் பதில் பேசும் பூனை ஒன்றைக் கொண்டுவந்துவிட்டீர்கள். பூனையும் பேசலாம் என்றால் எதுவும் நடக்கலாம். எதுவும் நடக்கலாம் என்கிற உலகில் பாட்டி மிதப்பதற்கு மதிப்பு கிடையாது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அவர் ஏன் அன்றைக்கு எழும்பினார்? வீட்டுப் பத்திரத்திலிருந்து அவர் பெயரை எடுத்த மறுநாள் என்று தேதியை மட்டும் போட்டுவிடுங்கள். காரணத்தைக் கதையில் யாரும் சொல்லக்கூடாது.

கேள்வி: இது லத்தீன் அமெரிக்கச் சரக்குதானே? நமக்கு ஒட்டுமா? (வாசகர், பிடோக்)

பதில்: பெயர் ஜெர்மனியில் பிறந்தது. 1925இல் கலை விமர்சகர் ஃபிரான்ஸ் ரோ அதை ஓவியத்துக்குச் சொன்னார். 1949இல் கியூபாவின் எழுத்தாளர் அலெஹோ கார்பெந்தியர் ‘அதிசய யதார்த்தம்’ என்று தம் மண்ணின் அனுபவத்தைப் பேசினார். புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் சென்னைத் தெருவில் கடவுள் வந்து நின்றது 1943இல். கந்தசாமிப் பிள்ளை விழுந்து கும்பிடவில்லை. காப்பி குடிக்க அழைத்துப் போகிறார், தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா 25 ரூபாய் என்று கணக்குப் பேசுகிறார். அந்த 25 ரூபாய்தான் கடவுளை நம்ப வைக்கிறது. அந்தக் கதையை எந்த வகையில் சேர்ப்பது என்பதை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எழுதுகிறவர் அதைப் பத்து முறை படிக்கலாம்.

கேள்வி: சிங்கப்பூரில் எல்லாமே ஒழுங்கு, எல்லாமே புதுசு. மாயத்துக்கு இடம் எங்கே? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: அந்த ஒழுங்குதான் உங்கள் மூலப்பொருள். பீச் ரோட்டில் இன்று கடல் இல்லை. ஒருகாலத்தில் கரை அங்கேதான் இருந்தது, பிறகு மண்ணைக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டார்கள். தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து மலாயா ரயில் கடைசியாகக் கிளம்பியது 2011 ஜூன் 30இல். புக்கிட் தீமாவில் அந்தத் தடத்துக்குப் பக்கத்து வீட்டில் இன்னமும் இரவில் ரயில் சத்தம் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேய் ரயில் என்று எழுதினால் திகில் கதை. குடியிருப்பாளர் நகர மன்றத்துக்குப் புகார் எழுத, ‘சத்தம் கேட்கும் நேரத்தையும் பெட்டிகளின் எண்ணிக்கையையும் தெரிவிக்கவும்’ என்று பதில் கடிதம் வந்தால், நீங்கள் சரியான தடத்தில் இருக்கிறீர்கள்.

ஆனால் அந்தத் தேதியோ நிலையத்தின் பெயரோ தவறினால் மொத்தமும் சரிந்துவிடும். பொய்யான ஒன்றை நம்பக் கேட்கும்போது மற்ற தொண்ணூற்றொன்பதும் மெய்யாக இருக்க வேண்டும். உணவங்காடியில் உங்கள் பாத்திரம் வெறும் ‘பானம்’ குடிக்கக்கூடாது. பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கோசோங் குடிக்கட்டும்.

சீனர்களின் ஏழாம் மாதத்துப் பசித்த ஆவிகள், தீமிதி ஆகியவற்றை அலங்காரத்துக்கு எடுக்காதீர்கள். நம்புகிறவருக்கு அவை மாயமே அல்ல. அந்த நம்பிக்கைக்குள் இருக்கும் ஒரு பாத்திரத்தின் கண்வழியாக எழுத முடிந்தால் மட்டும் தொடுங்கள்.

கேள்வி: கடைசியில் ‘எல்லாம் கனவு’ என்று முடிக்கலாமா? (வாசகி, தோ பாயோ)

பதில்: கூடாது. அதுவரை நம்பி வந்தவரை ஏமாற்றியதாகும்.

கேள்வி: திருத்தும்போது எதைப் பார்க்க வேண்டும்? (வாசகர், அங் மோ கியோ)

பதில்: முதலில் அதிசயத்தை நீக்கிவிட்டுக் கதையைப் படியுங்கள். அப்போதும் கதை முழுசாக நின்றால் அது வெறும் ஜோடனை, ஒன்று ஆழப்படுத்துங்கள் அல்லது வெட்டுங்கள். பிறகு அரைப் பக்கத்தில் விதிகளை எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, யார் கண்ணுக்குத் தெரியும், அதனால் எது முடியாது, யாருக்கு என்ன நஷ்டம். இந்தத் தாள் கதைக்குள் வராது. ஆனால் ஏழாம் பக்கத்தில் நீங்களே விதியை மீறியிருந்தால் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து வாக்கியங்கள். ‘திடீரென்று’, ‘அதிசயமாக’, ‘விவரிக்க முடியாத’ ஆகியவற்றைத் தேடி அழியுங்கள். ‘பறப்பது போல’ என்றால் அவள் பறக்கவில்லை. ‘பறந்தாளாம்’ என்றால் யாரோ சொன்ன ஊர்க்கதை, எழுத்தாளர் பொறுப்பிலிருந்து நழுவிக்கொள்கிறார். ‘பறந்தாள்’ என்று எழுதுங்கள். அதே பத்தியில் ‘துணி உலர்ந்தது’ என்பதற்கு என்ன குரலோ அதே குரலில்.