ஹெட்செட் மைக்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஸூம் வகுப்பில் 'ப' வரும்போதெல்லாம் படார் என்று வெடிக்கிறது, பிள்ளைகள் முறையிடுகிறார்கள். (ஆசிரியை, வெள்ளவத்தை)

மைக் உங்கள் வாய்க்கு நேரே இருக்கிறது, டீச்சர். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து "பப்பாசிப்பழம்" என்று சொல்லிப் பாருங்கள். காற்று கையில் அடிக்கும். அப்படியே கையை வாயோரத்துக்கு நகர்த்திக்கொண்டு போங்கள். ஓரிடத்தில் காற்று படாது. அதுதான் மைக்கின் இடம். குரல் எல்லாப் பக்கமும் பரவும், மூச்சு நேரே போகும். வாயோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். ஸ்பொஞ்ச் உறையைக் கழற்ற வேண்டாம்.

போனில் வேலை செய்கிற ஹெட்செட், பழைய கணினியில் கேட்கிறது, ஆனால் மைக் எடுபடவில்லை. (மாணவன், தெஹிவளை)

தம்பி, பிளக்கில் மூன்று வளையம் இருக்கிறதா? அப்படியென்றால் மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே பிளக்கில் வருகின்றன. உங்கள் கணினியில் பச்சை, இளஞ்சிவப்பு என்று இரண்டு துளை. பிரித்துக் கொடுக்கும் வயர் வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடுங்கள். இரண்டு பேர் பாட்டுக் கேட்கிற வயரும் பார்க்க அதே மாதிரி இருக்கும், அது உதவாது.

குரல் சின்னதாக இருக்கிறது, வாய்க்கு முன்னால் இழுத்து வைக்கலாமா?

வேண்டாம். வாயோரம். கணினியின் ஒலி அமைப்பில் மைக் அளவைக் கூட்டுங்கள்.

நடன வகுப்பில் அரை மணி நேரத்தில் குரல் அமுங்கிப் போகிறது. (கொட்டாஞ்சேனை)

வியர்வை, அக்கா. கன்னத்தில் வழிந்து தண்டு வழியே மைக்கின் வாயை அடைக்கிறது. இடைவேளையில் தண்டைத் துடையுங்கள். வகுப்பு முடிந்ததும், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் வையுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் சும்மா தொங்கவிட்டால் காயாது. முடி உலர்த்தும் கருவியைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், சூட்டில் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு கெடும். பட்டரியையும் கழற்றி வையுங்கள்.

புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாகக் கேட்கிறது. வகுப்புக்கும் அது போதுமா, வயர் உள்ளதுதான் வேண்டுமா?

வகுப்புக்கு வயர்தான் நல்லது. பாட்டு ஒருவழி. மைக்கைத் திறந்ததும் பெரும்பாலான புளூடூத் ஹெட்செட்கள் தொலைபேசி அழைப்பு முறைக்கு மாறிவிடும். குரலை வினாடிக்கு 8,000 அல்லது 16,000 தடவைதான் அளந்து அனுப்பும்; சிடியில் அது 44,100. 'ஸ', 'ஷ' மழுங்குவது அதனால்தான்.

எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லையே! விலை கூடிய செட் இது.

விலையில் இல்லை, ஐயா. பாட்டு ஓடும்போதே ஸூமில் மைக்கைத் திறந்து பாருங்கள், பாட்டு சட்டென்று தகர டப்பாவுக்குள் போன மாதிரி ஆகும். உங்கள் மாணவர்களுக்குப் போய்ச் சேர்வது அந்தத் தரத்துக் குரல். புளூடூத்தின் புதிய எல்ஈ ஓடியோ (LE Audio) முறை இதைத் தீர்க்கிறது, ஆனால் ஹெட்செட், கணினி இரண்டிலும் அது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காதுக்கு புளூடூத்தை வைத்துக்கொண்டு, ஸூமில் கணினியின் மைக்கைத் தெரிவு செய்யுங்கள். கணினி மைக் தூரத்தில் இருப்பதால் அறையின் எதிரொலியும் வரும். அதற்காகத்தான் வயர் என்கிறேன்.

கரோக்கே ஸ்பீக்கர் எது நல்லது?

அது என் துறை இல்லை.

மைக்கை எங்கே வைக்க வேண்டும்?

முதல் பதிலைப் படியுங்கள். பப்பாசிப்பழம்.

ஸ்பொஞ்ச் நாறுகிறது.

கழற்றி, கொஞ்சம் சவர்க்காரம் போட்டு வெதுவெதுப்பான நீரில் அலசிப் பிழியுங்கள். நிழலில் முழுதாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள், ஈரம் உள்ளே இறங்கினால் மைக் போய்விடும். ஒரே ஹெட்செட்டைப் பலர் பாவித்தால் ஆளுக்கொரு ஸ்பொஞ்ச்.