ஹாலுக்கு மேட்டா, ஷைனிங்கா? சுவரில் யார் கை படுகிறது என்று பாருங்கள்

கேள்வி: மதுரையில் எங்களுக்கு 15 வருடப் பழைய தனி வீடு. இதுவரை உள்ளே டிஸ்டெம்பர்தான் அடித்திருக்கிறோம், இந்த முறை எமல்ஷனுக்கு மாறலாம் என்று நினைக்கிறோம். பெயிண்டர் "எல்லா ரூமுக்கும் ஷைனிங் ஐட்டமாகவே போட்டுவிடலாம், அழுக்குப் பட்டால் துடைத்துக்கொள்ளலாம்" என்கிறார். கடைக்காரரோ "இப்போது எல்லோரும் மேட்தான் கேட்கிறார்கள்" என்கிறார். இரண்டு சின்னப் பிள்ளைகள், வயதான அப்பா, சிம்னி இல்லாத சமையலறை, ஹாலில் கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல். எந்த அறைக்கு எது சரியாக இருக்கும்?

பதில்: வீடு முழுக்க ஒரே ஃபினிஷ் போட வேண்டாம். சீலிங்குக்கு மேட், அதாவது பளபளக்காத வகை. ஹாலுக்கும் படுக்கையறைகளுக்கும் துடைக்கக்கூடிய நல்ல மேட், அல்லது மிக லேசான ஷீன் (மெல்லிய மினுக்கம்). சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் சீலிங் உட்பட சாட்டின் (நடுத்தரப் பளபளப்பு), பூஜை அலமாரியைச் சுற்றியும் அதுவே. கதவு, ஜன்னல் கம்பிக்கு எனாமல், அதாவது ஆயில் பெயிண்ட். இன்றைக்கே கடைக்குப் போயாக வேண்டும் என்றால் இதை மட்டும் குறித்துக்கொண்டு போகலாம். ஆனால் உங்கள் வீட்டில் டிஸ்டெம்பர் சுவரும் கிழக்கு ஜன்னலும் இருக்கின்றன, விலை உயர்ந்த பெயிண்டையும் அசிங்கமாகக் காட்டிவிட இந்த இரண்டும் போதும் என்பதால் மிச்சத்தையும் படித்துவிடுங்கள்.

கடையில் எகானமி, பிரீமியம், லக்ஸுரி என்று ஒரு வரிசை சொல்வார்கள். அது தரமும் விலையும். மேட், சாட்டின், கிளாஸ் (முழுப் பளபளப்பு) என்பது பளபளப்பின் அளவு. இரண்டும் வேறு வேறு கணக்கு, ஆனால் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடுகிறது, பளபளப்பாக இருந்தால் ஒசத்தி, மேட் என்றால் மட்டம் என்று பாதிப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். ஏசியன் பெயிண்ட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள், ராயலில் மேட்டும் உண்டு, ஷைனும் உண்டு. விலை குறைந்த டிராக்டர் எமல்ஷனிலும் ஷைன் உண்டு. மற்ற கம்பெனிகளிலும் இதே கதைதான். அதனால் கடையில் போய் "ராயல் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் எந்த ஃபினிஷ் கைக்கு வரும் என்பது கடைக்காரரின் ஸ்டாக்கைப் பொறுத்தது. டின்னின் மேல் என்ன ஃபினிஷ் என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். ஒரு கம்பெனியின் 'சாட்டின்' இன்னொரு கம்பெனியில் 'ஷீன்' என்ற பெயரில் இருக்கலாம், பெயரை நம்பாமல் காய்ந்த சாம்பிளைப் பார்ப்பது நல்லது.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பெயிண்டில் நிறம் தரும் தூளும் சுண்ணாம்புக்கல் மாதிரியான நிரப்புப் பொடியும் இருக்கும், அவற்றைச் சேர்த்துப் பிடித்துச் சுவரோடு ஒட்டவைக்கும் பிசினும் இருக்கும். பிசின் அதிகமாக இருந்தால் காய்ந்த பிறகு மேற்பரப்பு வழவழப்பாகி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், கறையும் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். பொடி அதிகமானால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் விழுந்து வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும், அதுதான் மேட். பொடி ரொம்ப அதிகமாகிவிட்டால் பிசின் எல்லா இடத்தையும் நிரப்பாமல் நுண்ணிய ஓட்டைகள் நின்றுவிடும், எண்ணெயும் அழுக்கும் அதற்குள் புகுந்துகொள்ளும். மலிவான மேட்டில் கறை போகாததற்கு இதுதான் காரணம். நல்ல மேட்டில் பிசினைக் குறைக்காமல் வேறு வழியில் பளபளப்பை அடக்குகிறார்கள். விலை ஏறுவது அதற்காகத்தான், ஹாலுக்கு அந்தக் காசைக் கொடுப்பதில் தப்பே இல்லை.

இப்போது உங்கள் ஹால் ஜன்னல். காலை வெயில் ஜன்னல் ஓரச் சுவரை உரசிக்கொண்டு போகும்போது பட்டி பார்த்ததில் இருக்கும் ஒவ்வொரு அலையும், கரண்டி இழுத்த ஒவ்வொரு கோடும் நிழலோடு தெரியும். மேட்டிலேயே கொஞ்சம் தெரியும், ஷைனிங்கில் அப்பட்டமாகத் தெரியும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் சுவரை வருடிக்கொண்டு போகிற மாதிரி அடித்துப் பாருங்கள். சுவர் தகடு மாதிரி இருந்தால் நீங்கள் எந்த ஃபினிஷும் போடலாம். 15 வருடப் பழைய, இரண்டு மூன்று முறை மேலே மேலே அடித்த சுவர் அப்படி இருக்காது. உங்கள் ஹாலில் அந்த ஜன்னலை ஒட்டிய சுவருக்கும் எதிர்ச் சுவருக்கும் ஷைனிங் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து, பெயிண்டர் எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி. சீலிங்கிலிருந்து சுவர் மேல் விழுகிற எல்இடி ஸ்டிரிப் வைக்கும் திட்டம் இருந்தாலும் இதே கதைதான்.

ஃபினிஷுக்கு முன்னால் டிஸ்டெம்பரைக் கவனிக்க வேண்டும். ஈரத்துணியால் சுவரை நாலு தேய் தேய்த்துப் பாருங்கள், துணியில் நிறம் மாவு மாதிரி வந்தால் அதன் மேல் எமல்ஷன் அடிக்கக் கூடாது. அடித்த புதிதில் நன்றாகத்தான் இருக்கும். எமல்ஷன் டிஸ்டெம்பரைத்தான் பிடித்திருக்கும், டிஸ்டெம்பரோ சுவரைச் சரியாகப் பிடித்திருக்காது, ஒரு மழைக்காலம் போனால் பாளம் பாளமாக உரியும். ஷைனிங் பெயிண்டின் படலம் இன்னும் இறுக்கமானது, அதனால் உரிவதும் பெரிய பெரிய துண்டாக உரியும். தளர்ந்ததைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, தேவைப்பட்ட இடத்தில் பட்டி பார்த்து, மறுபடி பிரைமர் அடித்த பிறகுதான் எமல்ஷன். கூலியில் பெரும் பகுதி இந்த வேலைக்குத்தான் போகும். பெயிண்டர் "அதெல்லாம் வேண்டாம் சார், மேலேயே ரெண்டு கோட் இழுத்துடலாம்" என்றால் சம்மதிக்காதீர்கள். பணம் இடித்தால் லக்ஸுரியை விட்டு பிரீமியத்துக்கு இறங்குங்கள், சுவர் தயாரிப்பில் கை வைக்காதீர்கள்.

எங்காவது ஓதம் ஏறியிருந்தால், அதாவது தரையிலிருந்து ஓரிரண்டு அடிக்கு உப்புப் பூத்துச் சுவர் பொரிந்திருந்தால், அது பெயிண்டர் தீர்க்கிற விஷயம் இல்லை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் எந்த டின்னையும் திறக்க வேண்டும். ஈரச் சுவரில் பளபளப்பான பெயிண்ட் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளமாக எழும்பும்.

சரி, அறை அறையாகப் போவோம். ஹாலில் எந்த இடத்தில் கறை விழும் என்று உங்களுக்கே தெரியும். ஸ்விட்ச் போர்டைச் சுற்றி விரல் தடம், சோபாவுக்குப் பின்னால் தலை எண்ணெய். அந்தத் தேங்காய் எண்ணெய் வட்டம் மலிவான மேட்டில் விழுந்தால் உள்ளே இறங்கிவிடும், துடைக்கத் துடைக்கப் பரவுமே தவிரப் போகாது. அதற்காக ஹால் முழுவதையும் ஷைனிங்காக மாற்ற வேண்டாம், துடைக்கக்கூடியது என்று டின்னில் போட்டிருக்கும் உயர்ரக மேட்டை வாங்கி, சோபாவைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போட்டால் போதும். மேட்டை அழுத்தித் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் மினுங்க ஆரம்பித்து, கறையைவிட அந்த மினுக்கம் கண்ணை உறுத்தும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடர் நிறத்தில் இது இன்னும் மோசம், நகம் பட்டால்கூட வெள்ளைக் கோடு விழும். ஒரு சுவருக்கு மட்டும் கரும்பச்சையோ நேவி ப்ளூவோ அடிக்கும் ஆசை இருந்தால், யாரும் சாயாத, பிள்ளைகள் ஓடாத சுவராகப் பார்த்து அடியுங்கள்.

பெரியவர்கள் படுக்கையறைக்கு மேட், வேறு யோசனையே வேண்டாம். பிள்ளைகள் அறைக்கு லேசான ஷீன். அவர்கள் கை எட்டும் உயரம் வரை கிரேயான், பென்சில், பிஸ்கட் கை எல்லாம் விழத்தான் செய்யும், அதைத் தடுத்துக்கொண்டிருக்க முடியாது. பஞ்சும் சோப்புத் தண்ணீரும் போதும், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர் அறையிலிருந்து பாத்ரூம் வரை போகிற வழியைக் கொஞ்சம் பாருங்கள். ராத்திரி எழுந்து போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார் என்றால், அந்தச் சுவரில் தரையிலிருந்து நாலரை அடி வரை சாட்டின், அதற்கு மேல் அதே நிறத்தில் மேட் என்று பிரித்து அடிக்கச் சொல்லுங்கள். பழைய ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கீழ்ப் பாதிக்கு ஆயில் பெயிண்ட் அடித்திருப்பார்களே, காரணம் இதுவேதான். இரண்டும் சேரும் இடத்தில் டேப் ஒட்டி நேராக அடித்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

சமையலறையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சிம்னி இல்லாத வீட்டில் தாளிப்பும் அப்பளம் பொரிப்பதும் காற்றில் எண்ணெயை ஏற்றிக்கொண்டே இருக்கும், அது அடுப்புக்கு எதிர்ச் சுவர் வரை, சீலிங் வரை போய்ப் படியும், அதன் மேல் தூசி ஒட்டி, சில மாதத்தில் விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். இங்கே சாட்டின் அல்லது செமி கிளாஸ்தான் சரி. சுவரில் கொஞ்சம் அலை தெரிந்தால் தெரியட்டும், வாராவாரம் துடைக்க முடிவதுதான் இங்கே முக்கியம். சீலிங்குக்கும் மற்ற அறைகளில் போடும் சாதாரண மேட்டைப் போடாமல் சுவருக்கு வாங்கிய அதே பெயிண்டைப் போட்டுவிடுங்கள். வெள்ளை ஆயில் எனாமலைச் சுவருக்கு அடிக்கச் சொல்வார்கள், நன்றாகத் துடைக்க வரும் என்பது உண்மைதான், ஆனால் அது நாளாக ஆக மஞ்சளாகும், அதுவும் வெளிச்சம் குறைவாக விழும் மூலைகளில் சீக்கிரம் மஞ்சளாகும். தண்ணீர் கலந்து அடிக்கும் அக்ரிலிக் வகையில் அந்தத் தொல்லை குறைவு.

இதைவிட முக்கியம், இப்போது சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலம். அதன் மேல் எந்தப் பெயிண்டும் பிடிக்காது, ரோலர் போன இடத்தில் சின்னச் சின்ன வட்டமாக விலகி நிற்கும். டிஸ்டெம்பர் தண்ணீர் பட்டால் ஊறித் தளரும் என்பதால் சோப்பு போட்டுக் கழுவுவதைவிட, சமையலறையை மட்டும் மொத்தமாகச் சுரண்டி, உள்ளே சிமென்ட் பூச்சு தெரியும் வரை எடுத்துவிடுவதுதான் சுத்தமான வேலை. அடுப்புக்குப் பின்னால் டைல்ஸ் ஒன்றரை அடிதான் இருக்கிறது என்றால், இந்தச் சாக்கில் அதையும் மேலே ஏற்றிவிடுங்கள், எண்ணெய் நேரடியாகத் தெறிக்கும் இடத்தில் பெயிண்ட் எதற்கு?

பூஜை அலமாரிக்கு மேலேயும் இரண்டு பக்கமும் விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் படியும். கரியைத் துடைக்கும்போது மேட்டில் சாம்பல் நிறமாக ஈஷிக்கொள்ளும், சாட்டினில் ஈரத்துணியோடு வந்துவிடும். குங்குமக் கறைக்கு மட்டும் எந்த ஃபினிஷும் முழுப் பாதுகாப்பு இல்லை, பட்டவுடனே துடைத்தால் உண்டு. பாத்ரூமில் டைல்ஸுக்கு மேலே இருக்கும் சுவருக்கும் சீலிங்குக்கும் பூஞ்சை பிடிக்காது என்று டின்னில் குறிப்பிட்டிருக்கும் சாட்டின் வகை போடுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓட வேண்டும்.

கதவுக்கும் கம்பிக்கும் எனாமல், அதில் பெரிய யோசனை இல்லை. ஆனால் பழைய எனாமலைத் தேய்க்கும்போது ஜாக்கிரதை. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான், உங்கள் கம்பியில் இருப்பது அதற்கு முந்தைய பெயிண்டாக இருக்க நிறைய வாய்ப்பு. உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி வீடெல்லாம் பறக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், தேய்க்கும் நாட்களில் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

எப்போது அடிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு அடிப்பது நம் வழக்கம். ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த சுவர் மார்கழியில் முழுசாகக் காய்ந்திருக்காது, பெயிண்டர்களும் பொங்கல் நெருக்கடியில் ஒரு கோட் காயும் முன்பே அடுத்த கோட் அடித்துவிட்டுப் போவார்கள். மாசிக்கு மேல் வைத்துக்கொண்டால் சுவரும் காய்ந்திருக்கும், ஆளும் நிதானமாக வேலை பார்ப்பார்.

சாம்பிள் பார்க்காமல் முழு டின் வாங்க வேண்டாம். சின்ன டப்பா வாங்கி, பிரைமர் அடித்த சுவரில் இரண்டடிக்கு இரண்டடி இரண்டு கோட் அடித்து, காலையிலும் ராத்திரி டியூப்லைட்டிலும் பாருங்கள். நனைந்திருக்கும்போது எல்லாப் பெயிண்டும் பளபளக்கும், காய்ந்த பிறகுதான் நிஜமான ஃபினிஷ் தெரியும். தண்ணீர் கலப்பதும் டின்னில் எழுதியிருக்கும் அளவோடு நிற்க வேண்டும், அதற்கு மேல் நீர்த்துப்போனால் சாட்டின்கூடத் திட்டுத் திட்டாக மங்கிவிடும். அடித்து முடித்த பிறகு மூன்று நான்கு வாரத்துக்குச் சுவரைக் கழுவவோ தேய்க்கவோ வேண்டாம், தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் படலம் முழுப் பலம் பெற அவ்வளவு நாளாகும்.

பெயிண்டரிடம் மொத்தமாக ஒரு தொகை பேசாதீர்கள். சுரண்டல், பட்டி, பிரைமர், எமல்ஷன் என்று தனித்தனியாக, எந்த அறைக்கு எந்த ஃபினிஷ், எத்தனை கோட் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டின்களைச் சீல் உடைக்காமல் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். மீந்த பெயிண்டில் அறைக்கு அரை லிட்டராவது ஷேட் எண்ணோடு எடுத்து வையுங்கள். மேட் சுவரில் ஆணி பிடுங்கிய இடத்தை அதை வைத்தே தொட்டுச் சரிசெய்துவிடலாம். சாட்டினில் தொட்ட இடம் தனியாகத் தெரியும், அங்கே அந்தச் சுவர் முழுவதையும் ஒரு கோட் அடித்தால்தான் சரிவரும்.